ஹோமர் புறா வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், மொட்டை மாடியிலிருந்து நேரே இறங்கி வந்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

தொலைவில் விட்டாலும் வீடு திரும்பும் நம் ஹோமர் புறாக்களை இந்த ஆண்டும் நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று படிப்படியாகத் தூரத்தைக் கூட்டி விட்டுப் பந்தயம் நடத்தினோம். முடிவுகள் பலகையில் இருக்கின்றன. முதலில் வீடு சேர்ந்த புறாவுக்கு ஏன் பரிசில்லை என்ற சண்டையும் வழக்கம்போல் வந்தது. ஒவ்வொருவர் மாடிக்கும் தூரம் வேறு என்பதால் தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்றுதான் கணக்குப் பார்க்க முடியும். இதை நான் சொல்வது எத்தனையாவது முறை என்று எனக்கே தெரியவில்லை.

விஜயவாடாவில் விட்டவற்றில் சில திரும்பவில்லை. வல்லூறு அடித்தது பாதி, மாஞ்சா நூல் அறுத்தது பாதி என்பது என் கணிப்பு. சென்னையில் மாஞ்சாவுக்குத் தடை இருக்கிறது, நூலும் இருக்கிறது.

ஐப்பசி மழையில் பயிற்சி நின்றபோது மாதக் கூட்டத்தில் புறாக்கதை பேசினோம். நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நெடுநல்வாடையைக் கொண்டுவந்தார். கூதிர்கால மழை. வீட்டுப் புறாவின் செங்கால் சேவல் பெடையோடு மன்றத்துக்குப் போய் இரை பொறுக்கவில்லை. பகலா இரவா என்று புரியாமல், இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறது. "சார், காலையில என் கூண்டுல பார்த்தது இதுதான்" என்றான் ஒரு தம்பி. அப்புறம் புறநானூற்றின் 46ஆம் பாட்டு. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போன சோழன் கிள்ளிவளவனிடம் கோவூர் கிழார் முதலில் எடுத்த பேச்சு, 'நீ ஒரு புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன்' என்பதுதான். ஆசிரியர் அதைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஒடிசா போலீஸ் பற்றி நான் பேசினேன். 1946இல் ராணுவம் கொடுத்த 200 புறாக்களோடு அங்கே தபால் சேவை தொடங்கியது. 1948இல் சம்பல்பூரிலிருந்த நேரு கட்டாக்குக்குச் செய்தி அனுப்பியது புறாவின் காலில்தான். 1982 வெள்ளத்தில் பாங்கி ஊர் துண்டிக்கப்பட்டபோதும், 1999 பெரும்புயலில் கம்பிகள் அறுந்தபோதும் அவை பறந்தன. அந்தப் புறாக்களும் நம் ஹோமர்களைப் போல பெல்ஜிய வம்சம்தான்.

சரி, கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். எதிரே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து புகார்க் கடிதம் வந்தது. ஏ.சி. பெட்டி மேல் எச்சம், பால்கனியில் முட்டை. 'அவை எங்கள் புறாக்கள் அல்ல, எங்களுடையவை கூண்டுக்குத் திரும்பிவிடும்' என்று பதில் எழுதினேன். பொய் எழுதவில்லை, ஆனால் முழுவதும் எழுதவில்லை. அந்த மாடப்புறாவும் நம் ஹோமரும் ஒரே இனம். பாறை இடுக்கில் வாழ்ந்ததைக் கறிக்கும் தபாலுக்கும் பந்தயத்துக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். கூண்டை விட்டுப் போனவற்றின் வாரிசுகளுக்கு இன்று பால்கனி விளிம்புதான் பாறை இடுக்கு. ஆகவே கொஞ்சம் பொறுப்பு நமக்கும் உண்டு. மிச்சத் தீனியைத் தெருவில் கொட்ட வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் கபூதர்கானாவை 2025இல் தார்ப்பாய் போட்டு மூடியதையும், அங்கே நடந்த ரகளையையும் எல்லோரும் பார்த்தோம்.

உடம்பையும் பாருங்கள். நம்மில் ஒருவர் மாதக்கணக்காக வறட்டு இருமலோடு திரிந்தார். இறகுத் தூளும் காய்ந்த எச்சமும் நுரையீரலைப் பாதித்திருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார். அவருடைய புறாக்களை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். மற்றவர்கள் கூண்டைச் சுரண்டும் முன் தண்ணீர் தெளியுங்கள், முகக்கவசம் போடுங்கள். நானும் போடாமல் இருந்தவன்தான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். குஞ்சு பொரித்து ஒரு வாரம் தாண்டினால் கால் பெருத்து அடையாள வளையம் ஏறாது. எத்தனை வளையம் வேண்டும் என்று இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவும். போன வருடம் போல ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்.

செயலாளர்