கொத்துக்கறி வேகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் இதழோடு வந்த சமையல் இணைப்பில், குழந்தைகளுக்கான பகுதியில் மட்டன் பர்கர் செய்முறை ஒன்று இருந்தது. அதில் கடைசிக்கு முந்தின வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ‘உட்புறம் லேசாக ரோஸ் நிறத்தில் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள், அப்போதுதான் சாறு வற்றாமல் மெத்தென்று இருக்கும்’ என்று போட்டிருந்தீர்கள். பெரியவர்களுக்கான குறிப்பாக இருந்தால் முணுமுணுத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். பிள்ளைகளுக்கு என்று தலைப்புப் போட்டுவிட்டு இப்படி எழுதலாமா?

என் மருமகள் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் பேரனின் ஆறாவது பிறந்தநாளுக்குச் செய்தாள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். காலையில் மேலப்பாளையம் போய் ஒன்றரைக் கிலோ கொத்துக்கறி வாங்கி வந்தவன் நான்தான், ஆகவே பழியில் எனக்கும் பங்கு உண்டு. அதை மசாலாவில் பிசைந்து, சாயங்காலம் வரை பிரிட்ஜில் வைத்திருந்து, ஒரு இஞ்ச் கனத்துக்குத் தட்டித் தோசைக்கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்தாள். பார்க்க அருமையாகத்தான் இருந்தது. பேரன் பாதியைக் கடித்துவிட்டு மீதியை என் தட்டில் வைத்தான். வெளியே காபிப்பொடி நிறம். உள்ளே சிவப்புக் கொய்யாவைப் பிட்டது போல இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தால் ஓரம் சுடுகிறது, நடு மட்டும் சில்லென்று கொழகொழக்கிறது.

“இது வேகலையேம்மா” என்றேன்.

“மாமா, அப்படித்தான் இருக்கணும்னு போட்டிருக்காங்க” என்று உங்கள் இதழைக் கொண்டுவந்து காட்டினாள். முப்பது வருடமாக வீட்டுக்கு வருகிற பத்திரிகை. அதை எதிர்த்து நான் என்ன பேச? மிச்சம் இருந்ததை வாங்கித் திரும்பக் கல்லில் போட்டேன். அதற்குள் நாலைந்து பிள்ளைகள் தின்று முடித்துவிட்டார்கள்.

மறுநாள் யாருக்கும் ஒன்றும் இல்லை. கிழவன் கலவரப்படுத்திவிட்டான் என்று வீட்டில் சிரிப்பு. நாலாம் நாள் பேரனுக்கும் மாடி வீட்டுச் சிறுமிக்கும் வயிற்றுப்போக்கு. பரிசோதனை எதுவும் செய்யவில்லை, அதனால் கறிதான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்து இரண்டு பேரும் சரியாகிவிட்டார்கள். ஆனால் வீட்டில் எல்லாரும் முந்தின நாள் தயிர்ச்சாதத்தையும் பள்ளிக்கூடத்துத் தண்ணீரையும் திட்டினார்களே தவிர, ஞாயிற்றுக்கிழமை பர்கரை ஒருத்தரும் நினைக்கவில்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அரைவேக்காட்டுக் கொத்துக்கறியில் டாக்டர்கள் அதிகம் பயப்படுவது ஈ.கோலை ஓ157 என்ற கிருமிக்கு. அது உள்ளே போன அன்றைக்கே வேலையைக் காட்டாது. பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வயிற்றைப் பிடிக்கும், சில சமயம் பத்து நாள்கூட ஆகும். அதனால் ‘நாங்கள் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர்களுக்கு எது ஆயிற்று, எது ஆகவில்லை என்றே தெரிந்திருக்காது.

அடுத்த ஞாயிறு கறிக்கடைக்குப் போனபோது பாயிடம் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “அண்ணாச்சி, துண்டுக் கறியா, கைமாவா?”

கைமா என்றதும் கத்தியைக் கட்டையில் குத்தி வைத்துவிட்டார். “துண்டுன்னா அழுக்கு வெளியதான் இருக்கும், சூடு பட்டா செத்துரும். மெஷின்ல விட்டாச்சுன்னா வெளிய இருந்ததெல்லாம் உள்ள போயிரும்லா. அத எப்படி அரைகுறையா இறக்குனாங்க?”

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. ஆடு, மாடு இவற்றின் குடலில் இந்தக் கிருமி அதுபாட்டுக்குக் குடியிருக்கும், அவற்றுக்கு ஒரு கேடும் செய்யாது. அறுத்து உரிக்கும்போது குடலோ தோலோ பட்டால் கறியின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். முழுத் துண்டாக வறுத்தால் அந்த மேற்புறம்தான் முதலில் சூடாகிறது. வெளிநாட்டில் மாட்டிறைச்சித் துண்டை நடுவில் சிவப்பாகவே விட்டுச் சாப்பிடுவது இந்தத் தைரியத்தில்தான். கொத்திவிட்டால் மேற்புறம் எது, உட்புறம் எது? அதோடு, காலையில் முதலில் அரைத்த ஆட்டின் மிச்சம் மெஷினின் திருகில் இருக்கும், அது அடுத்தவர் கைமாவிலும் சேரும். (முன்னெல்லாம் புளியங்கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தித் தருவார்கள். அந்தக் கட்டை ரொம்பச் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை.)

1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஜாக் இன் தி பாக்ஸ் என்ற கடைகளில் சரியாக வேகாத ஹாம்பர்கர் தின்று எழுநூறு பேருக்கு மேல் படுத்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தன. வாஷிங்டன் மாநிலத்தில் 155 ஃபாரன்ஹீட், அதாவது 68 டிகிரி வரை கறி சூடாக வேண்டும் என்று அப்போதே விதி இருந்தது. கடைக்காரர்கள் 140, அதாவது 60 டிகிரியோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த எட்டு டிகிரியில் போன உயிர்கள். இன்று அந்நாட்டு வேளாண் துறை கொத்துக்கறியின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும் என்கிறது, கோழியென்றால் 74.

பிறகு நிறம். உங்கள் குறிப்பு நிறத்தை வைத்து இறக்கச் சொல்கிறது. நன்றாக வெந்த பின்னும் ரோஸாக நிற்கிற கறி உண்டு, வேகும் முன்னே பழுப்பாகிவிடுகிற கறியும் உண்டு. அதிலும் நம் ஊரில் மஞ்சள்பொடியும் வத்தப்பொடியும் போட்டுப் பிசைந்த பிறகு உள்ளே பச்சையா வெந்ததா என்று கண்ணுக்கு எங்கே தெரிகிறது? கறிக்குள் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்புறம் நான் ஒன்று வாங்கிவிட்டேன். மருமகளும் பேரனும் இப்போது தோசையைக்கூட அதில் குத்திப் பார்க்கிறார்கள்.

அது இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. என் ஆச்சி கோலா உருண்டை செய்வதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொத்துக்கறியை உள்ளி, சோம்பு, இஞ்சியோடு சட்டியில் போட்டு, கறி விடுகிற தண்ணீர் முழுக்கச் சுண்டும் வரை வதக்குவாள். ஆறின பிறகுதான் தேங்காய், பொரிகடலையோடு அம்மிக்குப் போகும். பெருநெல்லிக்காய் அளவுக்கு உருட்டி எண்ணெயில் போடுவாள். ஆக, கறி இரண்டு தடவை வெந்துவிடுகிறது. ஆச்சிக்குக் கிருமியைப் பற்றித் தெரியும் என்று கதை விட மாட்டேன். ஈரம் இருந்தால் உருண்டை எண்ணெயில் விண்டுபோகும் என்பதுதான் அவள் கவலை. காரணம் எதுவானாலும் பிள்ளைகள் தட்டுக்குப் பச்சைக்கறி வரவில்லை. இப்போது பச்சைக் கைமாவை அப்படியே மிக்சியில் அடித்து எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டுகிறார்கள். வெளியே கருகுகிற நேரத்துக்குள் நடுவில் சூடு போய்ச் சேருவதே இல்லை.

பர்கரையும் இப்படிச் செய்யலாம். கைமாவைக் குக்கரில் இரண்டு விசில் விட்டு, தண்ணீரைச் சுண்டவைத்து, உருளைக்கிழங்கு சேர்த்துத் தட்டினால் முடிந்தது. குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரி, 71 எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சாறு இருக்காதே என்று கேட்பீர்கள். ஆமாம், இருக்காது. ஒரு கரண்டி வெண்ணெய் போடுங்கள்.

கொத்து பரோட்டாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதில் விழுகிற கறி முன்பே வெந்த கறி, சால்னாவும் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோவிலில் குடில் போட்டுக் கிடா சமைப்பார்களே, அதுவும் விறகடுப்பில் மணிக்கணக்கில் கொதிப்பதுதான். வேகாத கொத்துக்கறி நமக்குப் புதிது, அதனால்தான் பெரியவர்களுக்கும் அதைப் பார்த்தால் சந்தேகம் வருவதில்லை. ஜெர்மனியில் பச்சைக் கொத்துக்கறியை ரொட்டியில் தடவித் தின்கிறார்களே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அந்த நாட்டு அதிகாரிகளே சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓ157 தொற்று உறுதியானவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு ரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகம் பழுதாகிறது. இதில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அதுவும் வயிற்றுப்போக்கு தொடங்கி ஒரு வாரம் போல ஆகி, ‘சரியாகிவிட்டான்’ என்று நாம் நிம்மதியாகிற நேரத்தில் வரும். பிள்ளை வெளுத்துப்போய்ச் சோர்ந்து கிடந்தாலோ, ஒன்றுக்குப் போவது குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மெடிக்கலில் நாமாகவே போக்கை நிறுத்தும் மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ வாங்கிக் கொடுக்கக் கூடாது. இந்தக் கிருமி விஷயத்தில் அவை நிலைமையை மோசமாக்கக்கூடும். இந்த ஒரு தகவலைப் போட்டிருந்தாலே உங்கள் இணைப்புக்குக் காசு தகும்.

2023இல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தபோது நீங்கள் தலையங்கம் எழுதினீர்கள். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டு தடை போட்டபோதும் வரவேற்று எழுதினீர்கள். அதே இதழின் சமையல் பக்கத்தை யாரும் படித்துப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புவதில்லையா?

திருத்தம் போடுவதாக இருந்தால் கடைசிப் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போடாதீர்கள். அதே இணைப்பில், அதே அளவில், வெட்டி எடுக்க வசதியாகக் கட்டம் கட்டிப் போடுங்கள். மருமகள் அந்த பர்கர் குறிப்பைக் கத்தரித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். நான் கிழித்தால் சண்டை வரும். மேலே வைத்து ஒட்டுவதற்கு எனக்கு ஒரு காகிதம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை.