எழுதியவர் பெயரையும் அச்சிடுங்கள்: காமிக்ஸ் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய காமிக்ஸ் தொடர்களை மறுபதிப்பாகக் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

என் முதல் சிறுகதை அச்சில் வந்தபோது நண்பர் ஒருவர், "யாரைப் படிச்சு எழுத வந்தீங்க?" என்று கேட்டார். யோசிக்காமல் "இரும்புக்கை மாயாவி" என்றேன். "அது கதாநாயகன். எழுதினது யார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அட்டை கிழியும்வரை படித்த புத்தகங்கள் அவை. ஆனாலும் எழுதியவர் பெயரை அவற்றில் பார்த்த நினைவே இல்லை. அன்று பட்ட வெட்கம்தான் இந்த மடலை எழுத வைக்கிறது.

அப்புறம் தேடித் தெரிந்துகொண்டேன். 1962 அக்டோபரில் பிரிட்டனில் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் வந்த தொடர் அது. முதலில் எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் பல்மர். அவருக்குப் பின் தொடர்ந்தவர் டாம் டல்லி. ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் இவர்கள் பெயரைப் போடும் வழக்கம் பொதுவாக இல்லை. 1977-இல் '2000 ஏ.டி.' என்ற காமிக்ஸ் இதழ் தொடங்கிய சில மாதங்களில்தான் அங்கே அந்த வழக்கம் மாறத் தொடங்கியது.

இவர்களிடம் நான் கற்றது என்ன என்று சொன்னால்தான் என் கோரிக்கை உங்களுக்குப் புரியும். மாயாவியின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டெல்; வலது கையை இழந்தவன். அந்த இடத்தில் இரும்புக் கை. உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், கை மட்டும் தெரியும். எவ்வளவு அழகான ஏற்பாடு! முழுதாக மறைந்துபோகிறவனை வைத்து ஒரு கதை எழுதலாம், இரண்டு எழுதலாம். பிறகு அலுத்துவிடும். அந்தரத்தில் மிதக்கும் ஒரு கையோ ஒவ்வொரு கட்டத்திலும் பயத்தை உண்டாக்குகிறது. மின்சாரத்தின் வேகம் தணிந்தால் உருவமும் திரும்பிவிடும் என்பதால், எதிரிகள் நடுவில் அவன் மின்சாரத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. சக்தி தருவதும் அதுதான், ஆபத்தில் மாட்டிவிடுவதும் அதுதான். ஒரு பாத்திரத்துக்கு வரம் கொடுக்கும்போதே அதன் ஓட்டையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் படிக்கவில்லை. இங்கேதான் படித்தேன்.

இன்னொன்று, கிராண்டெல் நல்லவனாக அறிமுகமாகவில்லை. தொடக்கக் கதையில் அவன் கொள்ளைக்காரன். பின்னால்தான் 'நிழல் படை' என்ற உளவு அமைப்பின் ரகசிய உளவாளி ஆகிறான். சிறுவர் இதழில் அப்படித் தொடங்கத் துணிந்தவர் பெயர் எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வாரத் தொடராக வந்ததை ஒரே புத்தகமாகப் படிக்கும்போது, சில பக்கங்களுக்கு ஒருமுறை கதை மூச்சைப் பிடித்து நிற்பது தெரியும். அங்கேதான் ஒரு வாரம் முடிந்திருக்கிறது. அந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். என் கதைகளின் பத்திகளை இன்றும் அந்தக் கோடுகளை நினைத்துத்தான் வெட்டுகிறேன்.

சரி, நான் கேட்பது இதுதான். எழுதியவர், வரைந்தவர் பெயர்களை உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் இல்லாமல், தலைப்புப் பக்கத்தில் நாயகன் பெயருக்குக் கீழே போடுங்கள். நடுவில் எழுத்தாளர் மாறியிருந்தால் எந்தக் கதையிலிருந்து என்று குறிப்பிடுங்கள். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையா? 'எழுதியவர் பெயர் தெரியவில்லை' என்றே அச்சிடுங்கள். அப்படி ஒருவர் இருந்தார் என்பதாவது படிக்கும் பிள்ளைக்குத் தெரியட்டும்.

மொழிபெயர்ப்பாளரையும் விட்டுவிடாதீர்கள். மூலத்தில் இந்தத் தொடரின் பெயர் 'தி ஸ்டீல் க்ளா'. அதில் இரும்பு நகம் மட்டும்தான் இருக்கிறது. 1972-இல் முத்து காமிக்ஸில் அது தமிழுக்கு வந்தபோது 'இரும்புக்கை மாயாவி' ஆனது. தெரியும் கையும் தெரியாத ஆளும் சேர்ந்து, முழுக் கதையும் இரண்டே சொற்களில் அடங்கிவிட்டது. அந்தச் சொற்கள்தான் என்னை உள்ளே இழுத்தன. அவற்றைத் தமிழில் யோசித்தவரும் என் ஆசிரியர்தான்.

அடுத்த மறுபதிப்பை அச்சுக்கு அனுப்பும் முன் தலைப்புப் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இந்தப் பெயர்களுக்கு இரண்டு வரி இடம் போதும்.

அன்புடன்,
உங்கள் வாசகன்