பொது இடத்துக்கு மாத வாடகை வாங்குவது தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததையும், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்பதையும் தெளிவாக எழுதியிருந்தார்கள். சென்னையில் முப்பது, நாற்பது வருடப் பழைய பிளாட்டுகளில் இருப்பவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் இந்தப் பேச்சை எடுத்த குடியிருப்புகளில் முதல் கூட்டத்திலேயே ஒரு சண்டை கிளம்பும். கீழ்த்தள வீட்டுக்காரர் தன் வீட்டை ஒட்டிய பொது இடத்தில் வளைத்துப் போட்டிருக்கும் சிட்அவுட் யாருடையது என்ற அந்தச் சண்டையைக் கட்டுரை தொடவே இல்லை.

இது எப்படி நடக்கிறது என்பது பிளாட்டில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். முதலில் பின்வாசலை ஒட்டி நாலு பூந்தொட்டி, ஒரு துளசி மாடம். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நாய் வந்து மண்ணைக் கிளறுகிறது என்று அடுத்த வருடம் கம்பி வலை. அப்புறம் மண் தரை டைல்ஸ் ஆகும். வெயிலுக்கு மேலே ஷீட் வரும். வாஷிங் மெஷின் வெளியே குடிவரும், அதற்கென்று ஒரு குழாய் இழுக்கப்படும். கடைசியில் கிரில் கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு. இன்ன தேதியில் ஆக்கிரமித்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடு மட்டும் காம்பவுண்டு சுவர் வரை நீண்டிருக்கும்.

செட்பேக் என்று கட்டடத்தைச் சுற்றி விடும் இடம் சும்மா கிடக்கிற இடம் அல்ல. கழிவுநீர் சேம்பர், மழைநீர் உறிஞ்சு கிணறு, சம்ப்புக்குப் போகும் குழாய் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நான் இருக்கும் குடியிருப்பில் ஒரு சேம்பர் இப்படி ஒரு வீட்டின் கிரில்லுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. மேல்மாடிக்காரர்களின் பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து வந்தால், அடைப்பு எடுக்க வந்தவர் கையில் கம்பியோடு, அந்த வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து திரும்பும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். கேட்டைத் திறந்து பார்த்தால் சேம்பர் மூடியின் மேல் டைல்ஸ். உடைக்கிற செலவு யார் தலையில் என்று அங்கேயே ஒரு பஞ்சாயத்து. அதற்குள் மேலே வீட்டில் நாற்றம் கூடம் வரை வந்துவிடும்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் இங்கே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். உறிஞ்சு கிணற்றின் மேல் கான்கிரீட் போட்டு ஊஞ்சல் மாட்டியிருக்கிற சிட்அவுட்டுகளையும் பார்த்திருக்கிறேன். உயரக் கட்டடங்களில் இன்னும் விபரீதம். 18.30 மீட்டருக்கு மேல் போகும் கட்டடத்தைச் சுற்றிக் குறைந்தது 7 மீட்டர் விடவேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகள் சொல்கின்றன. தீயணைப்பு வண்டி சுற்றி வரவேண்டிய இடம் அது. அங்கே யாரோ ஒருவர் சிமெண்ட் பெஞ்ச் கட்டியிருந்தால் நெருப்பு பிடித்த அன்று யாரிடம் போய்ச் சாவி கேட்பது?

'பில்டரே எனக்குப் பிரைவேட் கார்டன் என்று சொல்லித்தான் விற்றார், அதற்கு எக்ஸ்ட்ரா பணம் கொடுத்தேன்' என்பார்கள். கொடுத்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பிளாட் வாங்கும் ஒவ்வொருவரும் மனையில் ஒரு பிரிபடாத பங்கை, அதாவது யுடிஎஸ்ஸை, பத்திரத்தில் பதிந்து வாங்குகிறார்கள். அதை எல்லோருக்கும் விற்றுவிட்டு, அதே மண்ணில் ஒரு மூலையை ஒருவருக்கு மட்டும் மறுபடி விற்க பில்டரிடம் என்ன மிச்சம் இருக்கிறது? மும்பையில் ஒரு பில்டர் ஸ்டில்ட் பார்க்கிங்கை, அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடத்தை, தனியாக விற்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பஞ்சாலி கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் எதிர்த்து நின்ற அந்த வழக்கில், பில்டருக்கு அப்படி விற்க உரிமை இல்லை என்று 2010இல் தீர்ப்பு வந்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்னது என்பது உண்மை. ஆனால் ரியல் எஸ்டேட் துறையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தும். படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, பூங்கா, திறந்தவெளி பார்க்கிங் எல்லாவற்றையும் அது பொதுப் பகுதி என்றே சொல்கிறது.

'இத்தனை வருடம் அனுபவித்துவிட்டேன், இனி என்னுடையது' என்ற பேச்சும் எடுபடாது. கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் சொந்தம் என்று கணக்கு சொல்பவர், மற்ற பங்குதாரர்களை அவர்கள் அறிய வெளியேற்றி வைத்திருந்ததை நிரூபிக்கவேண்டும்.

ஆக்கிரமித்தவர்களைவிட என் கோபம் அசோசியேஷன்கள் மீதுதான். பல இடங்களில் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கூடுதல் மெயிண்டனன்ஸ் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவது. செக்ரட்டரிக்குச் சண்டை இல்லை, கணக்கில் வரவு. ரசீது கொடுத்தால் இடம் பொதுவுடையது என்பதற்கு அதுவே சாட்சி என்று, ஜெனரல் பாடியில் எப்போதும் இருக்கும் அந்த ஒரு வக்கீல் எழுந்து சொல்வார். சட்டப்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் நடைமுறையில், வாங்கிய பணம் பட்ஜெட்டில் சேர்ந்துவிட்டால் எந்தக் கமிட்டியும் அதை இழக்க முன்வராது. எதிர் பிளாக்காரர் அதே ரேட்டில் எனக்கும் கொடு என்பார். மேல்மாடிக்காரர் மொட்டை மாடியில் ஷெட் போட்டுவிட்டு, எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்பார். சேம்பர் அடைப்பு ரசீதைப் பார்த்துத் திறந்துகொள்ளாது. அதைவிட முக்கியம், பத்திரத்தில் பதிவான என் பங்கை வாடகைக்கு விட என்னைக் கேட்காத கமிட்டிக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

கீழ்த்தளத்தாரின் கஷ்டமும் எனக்குத் தெரியும். மேலிருந்து சிகரெட் துண்டு, தலைமுடி, எச்சில் எல்லாம் விழுவது அவர்கள் ஜன்னலோரம்தான். ஏசி தண்ணீர் சொட்டுவதும் அங்கேதான். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் மாதக் கூட்டத்தில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் வேலி போட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அசோசியேஷன் செய்யவேண்டியது ஜன்னலுக்கு மறைப்பும், மேல்மாடிக்காரர்களுக்குக் கண்டிப்பும். தொட்டியில் செடி வைக்கட்டும், நாற்காலி போட்டு உட்காரட்டும். கையால் தூக்கி நகர்த்த முடிந்த எதற்கும் ஆட்சேபம் வேண்டாம். மண்ணில் ஊன்றியதும் பூட்டுப் போட்டதும் மட்டும் கூடாது. சொல்லியும் கேட்காதவர்கள் விஷயத்தில், அனுமதி பெற்ற வரைபடத்தை மீறிய கட்டுமானம் என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவுக்கோ மாநகராட்சிக்கோ எழுதலாம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் சீல் வைக்கிற அதிகாரம்கூட இருக்கிறது.

இப்போது மறுகட்டுமானப் பேச்சு வந்ததும், வளைத்த இடத்தையும் சேர்த்துப் புது வீட்டில் கூடுதல் சதுர அடி கேட்கிறார்கள். மாத ரசீதுகளைக் கத்தையாக மேஜையில் போடுகிறார்கள். அது கிடைக்கும்வரை சம்மதக் கையெழுத்து கிடையாது. பில்டர் பார்ப்பது பத்திரத்தையும் யுடிஎஸ்ஸையும்தான். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு என்ற எல்லையில் ஒன்றிரண்டு வோட்டுக்குத் தள்ளாடும் குடியிருப்பில் அந்தக் கையெழுத்துக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர்கள் மேல்மாடிக்காரர்கள்.

கடைசியாக ஒன்று. 'கீழ்த்தளம், தனித் தோட்டத்துடன்' என்று பழைய பிளாட்டுகளை விற்கும் வரி விளம்பரங்கள் உங்கள் பத்திரிகையிலும் வாராவாரம் வருகின்றன. பத்திரத்தில் உள்ள அளவையும் யுடிஎஸ்ஸையும் போட்டால்தான் வெளியிடுவோம் என்று உங்கள் விளம்பரப் பிரிவு ஒரு விதி வைத்துக்கொள்ளக் கூடாதா?

இப்படிக்கு,
அடுக்குமாடிக் குடியிருப்பு வாசகர் ஒருவர்,
சென்னை