எங்கள் தகவலோடு எங்களைப் போகவிடுங்கள்

மெயில், காலண்டர், தொடர்பேடு, பணிப்பட்டியல் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் தருகிற நிறுவனங்களுக்கும் அவற்றை எழுதும் நிரலாளர்களுக்கும்,

வணக்கம்.

பழைய பதிப்பை நிறுத்தப்போகிறோம், புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று உங்களில் ஒருவர் அனுப்பிய அறிவிப்பு எனக்கும் வந்தது. நிறுத்துவது உங்கள் உரிமை, அதில் எனக்கு வழக்கு இல்லை. புதிய பதிப்பு ஒத்துவராததால் வேறு மென்பொருளுக்குப் போக முடிவு செய்தேன். அப்போதுதான் தெரிந்தது: தகவலை உள்ளே கொண்டுவர விதவிதமான வழிகள் வைத்திருந்த நீங்கள், காலண்டரையும் தொடர்பேட்டையும் வெளியே கொண்டுபோக ஒரு சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் அட்டவணைக் கோப்பை, மட்டும் வைத்திருந்தீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். நாங்கள் உள்ளே போட்டதெல்லாம் முழுதாக வெளியே வர வழி செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி என்று திரும்பத் திரும்ப வரும் ஒரே பதிவாக அதைக் காலண்டரில் வைத்திருந்தேன். இயந்திரப் பழுது, விடுமுறை என்று சில வாரங்களில் நாள் மாறும். அப்போது அந்த ஒரு நாளை மட்டும் நகர்த்தி வைப்பேன். குறிப்புப் பகுதியில் அன்றைய எடை, எடுத்த நீரின் அளவு, இரத்த அழுத்தம், மருத்துவர் சொன்னது எல்லாவற்றையும் எழுதுவேன். பல வருஷக் குறிப்பு அது.

வெளியே வந்த கோப்பில், நகர்த்திய நாள்களில் சில பழைய தேதிக்கே திரும்பியிருந்தன. சில, பழைய தேதியிலும் புதிய தேதியிலுமாக இரண்டு முறை இருந்தன. குறிப்புகள் முதல் வரியோடு வெட்டுப்பட்டிருந்தன. தமிழில் எழுதிய பெயர்கள் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறியிருந்தன. ஏற்றுமதி வெற்றிகரமாக முடிந்தது என்றுதான் திரையில் வந்தது. எதுவும் விடுபட்டதாக ஒரு வார்த்தை இல்லை.

செவ்வாய்க்கு மாற்றியிருந்த ஒரு முறையைப் புதிய காலண்டர் புதன் என்று காட்டியது. புதன்கிழமை போய் நின்றோம். நேற்றே வந்திருக்க வேண்டும், இன்று இடமில்லை என்றார்கள். டயாலிசிஸ் தள்ளிப்போனால் உடம்பில் நீர் சேரும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். அன்றிரவு அம்மாவால் படுக்க முடியவில்லை. தலையணைகளை முதுகுக்கு அண்டை கொடுத்து உட்கார்ந்தே இருந்தார். மறுநாள் மருத்துவர் முந்தைய வாரங்களின் அளவுகளைக் கேட்டார். பாதியில் நின்றுபோன வரிகளைத்தான் என்னால் காட்ட முடிந்தது.

இது தீர்வு இல்லாத சிக்கல் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். காலண்டர் பதிவுகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக உதவும் ஐகேலண்டர் வடிவம் 1998-லேயே பொதுத் தரமாக வந்துவிட்டது. 2009-இல் அதைத் திருத்தியும் எழுதினார்கள். வாரம் மூன்று நாள் என்பதற்கு ஒரு விதி, ரத்தான நாளுக்கு ஒரு வரி, நகர்த்திய நாளுக்கு அதே அடையாளத்தோடு தனிப் பதிவு என்று அம்மாவின் அட்டவணைக்கு வேண்டிய அத்தனைக்கும் அதில் இடம் இருக்கிறது. நீளமான குறிப்புக்கும் இருக்கிறது. தொடர்பேட்டுக்கு விகார்டு என்ற தரம் உண்டு. 2011-இல் வந்த அதன் நான்காம் பதிப்பு எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தை மட்டுமே ஏற்கிறது, அதனால் தமிழ்ப் பெயர் தமிழாகவே போகும். மெயில்களைத் தானாகப் பிரிக்கும் விதிகளுக்குக்கூட சீவ் என்ற தரம் 2001 முதல் இருக்கிறது. இவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல. உங்களில் சிலர் இந்தத் தரங்களை எழுதிய குழுக்களில் உட்கார்ந்தவர்கள்.

மெயிலின் நிலைமை பரவாயில்லை. யூடோரா என்ற பழைய மெயில் மென்பொருளை நினைத்துப் பாருங்கள். அதை வெளியிட்டுவந்த குவால்காம் நிறுவனம் அதைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அது மெயில்களை எம்பாக்ஸ் என்ற எளிய உரைக் கோப்பு வகையில் வைத்திருந்ததால், மென்பொருள் போன பிறகும் மெயில்களை வேறு இடத்தில் திறக்க முடிந்தது. மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக் எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் பிஎஸ்டி கோப்போ பல காலம் வெளியாருக்குப் புரியாத பெட்டியாக இருந்தது. 2010-இல் மைக்ரோசாஃப்ட் அதன் உள்ளமைப்பை ஆவணமாக வெளியிட்ட பிறகு, ஊகித்து ஊகித்துப் படித்தவர்களுக்கு ஒழுங்கான வரைபடம் கிடைத்தது. செய்ய மனமிருந்தால் முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இம்முறை மாறும் முன் கிடைத்தவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தேன். தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருள் காலண்டரை ஐகேலண்டர் கோப்பாகத் தருகிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எடுக்கும் வசதி 2 ஜிபியைத் தாண்டினால் உதவாது. கோப்புறையைத் தேடிப்பிடித்துக் கையால் நகலெடுக்க வேண்டும். லினக்ஸில் ஓடும் எவல்யூஷன் என்ற மெயில் மென்பொருளின் பேக்கப் நேர்த்தியானது. என்றாலும் அது எவல்யூஷனிலேயே திரும்ப ஏற்றிக்கொள்ளத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு கதவு பாதிதான் திறக்கிறது.

ஒப்பீட்டு அட்டவணைகளிலும் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. கருநிறத் தோற்றம் உண்டா, மெயிலை நமக்காகச் சுருக்கிச் சொல்லுமா, எத்தனை கருவிகளில் ஓடும் என்பதெல்லாம் இருக்கின்றன. வெளியேறும்போது என்ன மிஞ்சும் என்பது இல்லை. வருஷா வருஷம் பொத்தான்களை இடம் மாற்றுகிறீர்கள், பழகிய தேடலைக் குலைக்கிறீர்கள், முன்பு இலவசமாக இருந்ததற்குச் சந்தா கேட்கிறீர்கள், இதற்கெல்லாம் ஆளும் நேரமும் கிடைக்கின்றன. ஏற்றுமதியைச் சரிசெய்ய மட்டும் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. எங்களை நிறுத்திவைக்க நல்ல மென்பொருளை நம்பாமல், போக முடியாத நிலையை நம்புகிறீர்களோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. அப்படியென்றால் அது பெரிய அநியாயம்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நாங்கள் உள்ளே போட்டதெல்லாம் முழுதாக வெளியே வரட்டும்: காலண்டர் அதன் மாற்றங்களோடும் ரத்துகளோடும், தொடர்பேடு அதன் குறிப்புகளோடும், மெயில் அதன் கோப்புறை அமைப்போடும், எல்லாம் பொதுத் தரங்களில். ஏதாவது ஒன்றைக் கொண்டுபோக முடியாவிட்டால், எது விடுபட்டது என்று பட்டியலாகச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் இருந்திருந்தால் நாங்கள் புதன்கிழமை போய் நின்றிருக்க மாட்டோம். ஏற்றுமதி செய்த கோப்பை நீங்களே திரும்ப ஏற்றி, அப்புறம் இன்னொருவரின் மென்பொருளிலும் ஏற்றி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் சோதியுங்கள். ஒரு பதிப்பை நிறுத்துவதாக இருந்தால், இந்த வழி சரியாக வேலை செய்கிறது என்று உறுதிசெய்த பிறகே அறிவிப்பை அனுப்புங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் கொடுத்த தகவலை, கணினி படிக்கக்கூடிய பொதுவான வடிவத்தில் அவரே திரும்பப் பெறலாம் என்று அதன் 20-ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே இருப்பவர்களுக்குச் சட்டத்துக்காகச் செய்ய வேண்டியதை, மற்ற எல்லோருக்கும் நீங்களாகவே செய்து தரலாம்.

அம்மாவின் அட்டவணையை இப்போது கையால் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். வெட்டுப்பட்ட குறிப்புகளை மீட்க எனக்கு வழி தெரியவில்லை. உங்களிடம் பழைய கோப்பிலிருந்து அவற்றை எடுக்கும் கருவி இருந்தால் தயவுசெய்து வெளியிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பதிப்பிலாவது முழு ஏற்றுமதியைச் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளைப் பல வருஷம் நம்பிப் பயன்படுத்திய ஒருவர்