திகில் நூல்களின் சிறு பதிப்பகங்களுக்கு நன்றி

அன்புள்ள பதிப்பாளர்களுக்கும், மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கும், பார்சல் கட்டுபவர்களுக்கும்,

வணக்கம். இந்த ஆண்டு எங்களுக்குப் பிடித்த திகில் நூல்களில் பெரும்பாலானவை சிறு பதிப்பகங்கள் போட்டவை. அதில் எங்களுக்கு வியப்பில்லை. திகிலுக்குத் தோதான அளவு சிறுகதையும் குறுநாவலும்தான். இழுத்தால் பயம் நீர்த்துப்போகும். சிறுகதைத் தொகுப்பு என்றாலே பெரிய நிறுவனங்கள் தயங்கும். நீங்கள் தயங்குவதில்லை.

இதற்கு வழிபோட்டது ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகம். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் மறைந்தபின் அவர் கதைகளைத் தொகுத்து வெளியிடப் பெரிய பதிப்பகங்கள் மறுத்ததால், 1939இல் அமெரிக்காவின் சாக் சிட்டியில் ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வான்ட்ரேயும் தாங்களே தொடங்கினார்கள். முதல் நூல் 1,268 பிரதிகள், விலை 5 டாலர். விற்றுத் தீர நான்கு ஆண்டுகள் பிடித்தன. இன்று அந்தப் பிரதி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

யார்க்‌ஷயரின் டார்டரஸ் பிரஸ்ஸுக்குத் தனி நன்றி. ஆண்ட்ரூ மைக்கேல் ஹர்லியின் 'தி லோனி' 2014இல் முதலில் வந்தது இங்கேதான், வெறும் 300 பிரதிகள். பிறகுதான் பெரிய பதிப்பகம் எடுத்து வெளியிட்டது. 2015இன் கோஸ்டா முதல் நாவல் விருதும் அதற்குக் கிடைத்தது. அதை நடத்தும் ரே ரஸ்ஸலும் ரோசலி பார்க்கரும் நூல் கட்டுவதில் காட்டும் அக்கறையும் சொல்லப்பட வேண்டியது. அவர்களுடைய கெட்டி அட்டை நூல்களில் ஃபாரங்களை, அதாவது பல பக்கங்கள் அச்சான பெரிய தாள்களை, மடித்து நூலால் தைக்கிறார்கள். வெறும் பசை பைண்டிங்கில் தாள்களின் முதுகை வெட்டி ஒட்டுவதால், விரித்துப் படிக்கப் படிக்கப் பசை வெடித்து நடுத்தாள் கையோடு வந்துவிடும். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓடுவதும் முக்கியம். குறுக்கே ஓடினால் ஈரப்பதத்தில் பக்கம் அலையலையாக நெளியும், புத்தகம் தட்டையாக விரியாது.

2005இல் தொடங்கிய அமெரிக்காவின் வேலன்கோர்ட் பதிப்பகம் மறந்துபோன நூல்களைத் தேடி மீட்கிறது. அமெரிக்கத் திகில் நாவலாசிரியர் மைக்கேல் மெக்டவல் திரும்பப் படிக்கப்படுவதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இந்த வேலையில் பாதி, உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியான நூலுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்தார்களா என்று பார்க்க வேண்டும். பிரிட்டனிலோ எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டுவரை உரிமை வாரிசுகளுடையது. இரண்டு நாட்டிலும் விற்பதென்றால் இரண்டையும் சரிபார்த்தாக வேண்டும்.

பழைய நூல்களை மீட்கும் எல்லாப் பதிப்பகங்களிலும் மெய்ப்புப் பார்ப்பவர்களை மறக்க முடியாது. பழைய அச்சை ஸ்கேன் செய்து படத்தை எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருளில் இட்டால், ஆங்கிலத்தின் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி 'எம்' ஆகிவிடும். மூலையைக் குறிக்கும் 'கார்னர்' என்ற சொல் 'கமர்' (வருபவர்) என்று வரும். அதுவும் அகராதியில் உள்ள சொல் என்பதால் பிழைதிருத்தும் மென்பொருள் பிடிக்காது. வரிக்கடைசியில் சொல்லை ஒடித்த சிறுகோடு நடுவரியில் வந்து நிற்கும். மூலையில் எது நிற்கிறது என்று வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வாக்கியத்தில் அந்த 'மூலை'யே காணாமல் போனால், பேய் அங்கேயே ஓடிவிடும். இதை மூலப்பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடும் மனிதக் கண்தான் பிடிக்கும்.

டப்ளினில், அயர்லாந்தின் பேய்க்கதை எழுத்தாளர் லெ ஃபானுவின் மரபைத் தாங்கி நிற்கும் ஸ்வான் ரிவர் பிரஸ், ஒரு கதைக்கு ஒரு சிறு பிரசுரம் போடும் நைட்ஜார், கனடாவின் அண்டர்டோ, எல்லோருக்கும் நன்றி. ஆண்டுதோறும் வரும் திகில் கதைத் தொகுப்பின் முன்னுரையில் சிறு பதிப்பகங்களையும் விடாமல் பதிவுசெய்யும் தொகுப்பாசிரியர் எலன் டாட்லோவுக்கும். மலிவுத் தாளில் வரும் தமிழ் பல்ப் கதைகளை 2008இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன நம் சென்னையின் ப்ளாஃப்ட்டுக்கும்.

பார்சல் கட்டுபவர்களே, பெட்டிக்குள் நூல் நகர்ந்தால் முனை நசுங்கும் என்று அறிந்து நான்கு மூலைக்கும் தனி அட்டை வைக்கிறீர்களே, அதற்காகத் தனியாக ஒரு கும்பிடு.

இனி கடை வழியாக வாங்காமல் உங்களிடமே நேரடியாக வாங்குவோம். கடைக்குத் தரும் கழிவு, நூலின் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது, விற்காத பிரதிகளும் உங்கள் தலையிலேயே திரும்பி வந்து விழுகின்றன. அறிவிப்பு வந்தவுடன் முன்பதிவும் செய்துவிடுகிறோம். எத்தனை பிரதி அச்சடிப்பது என்று நீங்கள் தீர்மானிக்கும் முன்பே எங்கள் ஆர்டர் உங்கள் கையில் இருக்கும்.

அன்புடன்,
திகில் கதை வாசகர்கள்