இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. அரையாண்டுத் தேர்வைப் பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். குழந்தைகள் தின விழா சிறப்பாக நடந்தது. ஓட்டம், பேச்சு, ஓவியம் எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். பின்கட்டில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயும் மாற்றியாயிற்று. அனைவருக்கும் வாழ்த்துகள்.

அடுத்து, நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கொடுத்த கொடி வளர்ப்புப் பணி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்னிங் குளோரி விதை கொடுத்தனுப்பினோம். ஐப்பசி மழை கிடைக்கும். பகல் குறுகும்போதுதான் இதில் பல வகைகள் நன்றாக மொட்டு வைக்கும் என்பதால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். கல் போன்ற விதைத்தோலை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, விரல் நுனியளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும். வெயில் படுகிற இடம், ஏறுவதற்கு ஒரு கயிறு, இவ்வளவு போதும். பிள்ளை தினமும் காலையில் ஐந்து நிமிடம் பார்த்து, பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளே இதே கொடியைத் தொட்டியில் வளர்த்து, விடுமுறைக்கு அந்தத் தொட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். நம் பிள்ளைகளாலும் முடியும் என்றுதான் நினைத்தோம்.

நோட்டுகள் வந்தன. மிக அழகாக இருந்தன. அதுதான் சிக்கல்.

ஒரு நோட்டில் 'நல்ல வெயில். மாலை 5 மணிக்குப் பன்னிரண்டு பூக்கள் மலர்ந்திருந்தன' என்று முத்து முத்தான கையெழுத்து. இந்தப் பூ விடியும்போது விரிந்து, நம் ஊர் வெயிலுக்கு மதியத்திற்குள் சுருண்டுவிடும். மேகமூட்டமான நாளில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். வெயில் நாளில் மாலை ஐந்துக்குப் பன்னிரண்டு பூவை யாரும் பார்த்திருக்க முடியாது. இன்னும் பல நோட்டுகளில் ஒரே படம், அதிலும் கொடி எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. மார்னிங் குளோரி எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். முன்னால் நின்று பார்த்தால் கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கமாக ஏறும். தோட்டத்தில் நின்று வரைந்த பிள்ளைக்கு இது தானாக வந்துவிடும். போனில் பார்த்து வரைந்த அப்பாவுக்கு வராது.

சில வீடுகளில் பூத்த கொடியையே நர்சரியிலிருந்து வாங்கி வைத்திருக்கிறீர்கள். சில வீடுகளில் பக்கத்து வீட்டை முந்த யூரியாவும் டிஏபியும் போட்டு, ஆளுயரத்துக்கு இலையாகத் தழைத்து நிற்கிறது. தழைச்சத்து கூடினால் இந்தக் கொடி பூக்க மறந்துவிடும். வீட்டுப்பாடம் சொல்வதற்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவிலோ மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கே பூப்படம்: 'எங்க வீட்ல இருபது, உங்க வீட்ல?' கோலம் போட எழுந்தவர்கள் அனுப்பியிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் முழு மதிப்பெண் கொடுத்த நோட்டில் பூவே இல்லை. 'இன்னைக்கும் முளைக்கல. ஆயா தோண்டிப் பாக்கச் சொன்னாங்க. தோண்டுனேன். விதை அழுகிப் போச்சு. தண்ணி ரொம்ப ஊத்திட்டேன்.' எங்களுக்கு வேண்டியது இதுதான்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பருவத்தில் பெரியவர்கள் எழுதிய, வரைந்த எந்த நோட்டும் திருத்தப்படாது, திருப்பி அனுப்பப்படும். வகுப்புக் குழுவில் பூப்படம், பூக்கணக்கு எதுவும் போடக் கூடாது. தன் கொடி பூக்கவில்லை என்று ஒரு பிள்ளை வகுப்பில் அழுத பிறகு இதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை.

பெரியவர்கள் செய்தே ஆக வேண்டிய வேலையும் ஒன்று இருக்கிறது. இப்போது காய்கள் காய்ந்து வெடிக்கும் நேரம். விதையைத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் வரும். தம்பி தங்கைகள் கையில் எட்டாமல் பறித்து வைப்பது உங்கள் பொறுப்பு. சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் இதன் உறவுதான் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறோம்; அதைக் கேட்டு யாரும் இதன் இலையைச் சமைத்துவிட வேண்டாம். கண்மாய்க் கரையில் ஆடு கடித்தால் ஆகாத நெய்வேலிக் காட்டாமணக்கும் இதே உறவுதான். ஓய்ந்த கொடியைப் பிடுங்கி ஊருணிப் பக்கம் வீசாதீர்கள். விழுந்த விதை அடுத்த மழைக்கு அங்கேயே முளைக்கும்.

இதையெல்லாம் எழுதும்போதே உங்கள் உற்சாகத்தையும் நினைத்துக்கொள்கிறேன். முகப்புத் தூணில் கயிறு கட்டிக் கொடுத்த ஐயாக்கள், மழை விட்டுப்போன வாரங்களில் குடத்தில் தண்ணீர் மிச்சம் வைத்த அம்மாக்கள், பிள்ளையார் நோன்பு வேலைக்கு நடுவிலும் 'பூத்துச்சா?' என்று விசாரித்த அப்பத்தாக்கள் இல்லாமல் இந்தப் பணி ஒரு வாரம் தாண்டியிருக்காது. பிள்ளை மேல் உள்ள பிரியத்தில் கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான். மனமார்ந்த நன்றி.

காய்ந்த விதைகளைக் கவரில் போட்டு, பெயர் எழுதி, பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாள் வகுப்பாசிரியரிடம் நீங்களே நேரில் கொடுங்கள். பிள்ளையின் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். கவரின் மேல் பெயரை மட்டும் பிள்ளை எழுதட்டும்.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
தலைமையாசிரியர்