சர்க்கரையைக் கேட்பவர்கள் மனத்தையும் கேட்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் அக்டோபர் 10, உலக மனநல நாளையொட்டி அரசு மருத்துவமனை வாசல்களில் பதாகைகள் கட்டப்படுகின்றன. தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞரின் படமும், பக்கத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் என்றொரு பட்டியலும் பெரும்பாலும் அவற்றில் இருக்கும். பட்டியலில் பிழை ஏதுமில்லை. ஆனால், தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்து வழங்கும் சன்னலுக்கு உள்ளே பணிக்காலத்தைக் கழித்த நான், அந்தப் படத்தில் இருப்பவரைப் போன்ற நோயாளியை அரிதாகவே கண்டிருக்கிறேன். நான் கண்டவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்த பெண்கள். அவர்கள் கையிலிருந்த சீட்டில் எழுதப்பட்டிருந்ததோ உடம்பு வலி.

பாராசிட்டமால், பி காம்ப்ளக்ஸ், கால்சியம், வயிற்று எரிச்சலுக்கு ஒரு மாத்திரை, தேய்த்துக்கொள்ள ஒரு களிம்பு என மாதம் மாறினாலும் அந்தச் சீட்டு மாறாது. "உடம்பெல்லாம் அசதியா இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "சோறு இறங்க மாட்டேங்குது" என்பார்கள். ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றும் நம்புவார்கள். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர் நம் ஊர்களில் அநேகமாக இல்லை. அதை டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயமாக அவர்கள் எண்ணுவதில்லை, டாக்டரும் கேட்பதில்லை. நண்பகலுக்குள் அத்தனை பேரையும் பார்த்து அனுப்பியாக வேண்டிய டாக்டரைக் குறைசொல்லி இதை நான் எழுதவில்லை.

தீப்பெட்டி ஆலையில் பல்லாண்டு வேலை பார்த்த ஓர் அம்மையார், நெஞ்சுக்குள் ஏதோ அடைப்பதாகச் சொல்லி மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தார். மஞ்சள் பை நிறைய இசிஜி, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி அறிக்கைகள். எதிலும் குறை இல்லை. விடுப்பில் போனவருக்கு மாற்றாக வந்திருந்த ஓர் இளம் டாக்டர், கூட வந்த மருமகளிடம், வீட்டில் இவர் முன்பு போல இருக்கிறாரா என்று கேட்டார். "அத்தைக்குப் பூக் கட்டுறதுன்னா உசிரு டாக்டர். இப்ப பூக்காரம்மா வாசல்ல நின்னு கூப்பிட்டாலும் எட்டிப் பாக்குறதில்ல. பேரன் போய் மடியில உக்காந்தா எறக்கி விட்டுர்றாங்க" என்றார் அந்தப் பெண். அத்தனை பரிசோதனைகளிலும் அகப்படாத நோய் இந்தப் பதிலில் அகப்பட்டது.

மருத்துவ நூல்களும் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கின்றன. மனம் தாழ்ந்தே கிடப்பது, வழக்கமாகப் பிடித்த எதிலும் நாட்டமற்றுப்போவது ஆகிய இரண்டில் ஒன்றேனும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதி நீடித்து, அதனுடன் தூக்கக் கெடுதல், பசியின்மை, அசதி, கவனக் குறைவு, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு போன்றவையும் சேர்ந்திருந்தால் மனச்சோர்வு என்று ஐயுற வேண்டும். தூக்கக் கெடுதலிலும் ஒரு தனித்தன்மை உண்டு. பலருக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, பிறகு கண் மூடாது. சிலருக்குக் காலையில் எழுந்து உட்காரவே முடியாத சோர்வு இருந்து, மாலையாக ஆகச் சற்றுத் தெளியும். குடும்பங்களில் பெரிய தகராறு வருவது இங்கேதான். காலையில் அடுப்படிக்கு வராதவர் சாயங்காலம் நாலு வார்த்தை பேசினால், நடிக்கிறார் என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். ஆண்களிடம் இதே நோய் எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படுவதுண்டு. வயதானவர்களிடம் மறதியாகத் தோன்றி, மூளைத் தேய்வு என்று தவறாக முடிவு கட்டப்படுவதும் உண்டு.

உடல்நோயே இல்லை என்று அவசரப்பட்டுத் தீர்மானித்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தைராய்டு குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவை ஏறத்தாழ இதே தோற்றத்தைத் தரக்கூடியவை. ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மருந்து பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன், அது என் தொழில். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃபுளூவாக்சிடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தலைவலி மாத்திரை போல அன்றே வேலை செய்வன அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்திலோ குமட்டலும் தலைவலியும் படபடப்பும் வரக்கூடும். ஆகவே, பக்கவிளைவு முன்னால் வந்து பலன் பின்னால் வருகிற அந்த இடைவெளியில்தான் நம் மக்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மேலே சொன்ன அம்மையாரும் நிறுத்தப் பார்த்தார், மருமகள் விடவில்லை. குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்துவதானால் டாக்டர் சொற்படி படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். மூட்டுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை விழுங்குபவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது.

மனச்சோர்வு மருந்துகள் எல்லாம் தூக்க மாத்திரைகள் என்றும், தொட்டால் விடாது என்றும் ஒரு பேச்சு ஊரெங்கும் உண்டு. பழக்கமாகிவிடும் ஆபத்து உண்மையில் உள்ளது, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம் போன்ற மருந்துகளில்தான். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தும், பழைய அட்டையைக் காட்டி அவற்றைக் கடையில் வாங்கிக்கொள்கிறவர்கள், டாக்டர் எழுதித் தருகிற மனச்சோர்வு மருந்துக்கு அஞ்சுவது எனக்கு எப்போதும் வியப்பைத் தந்திருக்கிறது. நோய் லேசாக இருந்தால் மருந்தே இல்லாமல், பயிற்சி பெற்ற ஆலோசகருடன் முறையாகப் பேசுவதாலேயே குணமாகலாம்.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் எப்போதேனும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை என்றும் கண்டது. மருந்து விலை உயர்ந்ததல்ல. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. நோயாளியையும் மருத்துவரையும் சேர்த்துவைக்கும் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதே குறை. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒருவர் நம் வீட்டு வாசலுக்கே வந்து போகிறார் என்பதைச் சொல்லத்தான் இக்கடிதம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளையும் கொடுத்து வருகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. மனம் சோர்ந்தவர் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை என்பதால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்பதில்லை. எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர், "சர்க்கரை எவ்வளவு இருந்துச்சு, மாத்திரை தவறாம போடுறீங்களாக்கா?" என்று கேட்கிறார். அத்துடன், "ரெண்டு வாரமா மனசு ரொம்பச் சோர்ந்து கிடக்கா? முன்னாடி பிடிச்சதுல எல்லாம் நாட்டம் விட்டுப்போச்சா?" என்ற இரண்டையும் அவர் கேட்க வேண்டும். ஆம் என்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். உலகெங்கும் மருத்துவர்கள் முதற்கட்டச் சோதனைக்குப் பயன்படுத்துவது இந்த இரு கேள்விகளைத்தான்.

இதற்கு மறுப்புகள் வரும். குறைந்த ஊக்கத்தொகையில் உழைக்கும் அப்பெண்களின் தலையில் இன்னொரு வேலையா என்பது ஒன்று. நியாயமான கேள்வி, தொகையை உயர்த்துவதே அதற்குப் பதில். இன்னொன்று இதைவிடக் கடினமானது. தன்னார்வலர் அதே ஊர்க்காரர். மாமியாரும் நாத்தனாரும் சுற்றி நிற்கும்போது எந்த மருமகளும் வாய் திறக்க மாட்டாள், திறந்தாலும் மறுநாள் தெருக்குழாயடியில் அது பேச்சாகிவிடும் என்ற அச்சமும் இருக்கும். ஆகவே தனியாக இருக்கும்போது கேட்கவும், காரணத்தைத் துருவாமல் இருக்கவும், கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்கவும் அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரம் இரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாகவே ஆக்கியிருக்கிறது.

வாழ்ந்து என்ன பயன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதைப் புலம்பல் என்று விட்டுவிடக் கூடாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மேற்சொன்ன சட்டத்தின் 115ஆவது பிரிவு கூறுகிறது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

வாசலில் கேள்வி கேட்டு அனுப்பப்பட்டவர், அங்கே மருந்து இல்லை, மனநல மருத்துவர் இன்று வரவில்லை என்ற பதிலோடு திரும்பினால் மறுமுறை வரமாட்டார். எனவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றேனும் எப்போதும் இருப்பில் இருக்கவும், வட்டார மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறார் என்பதைச் சீட்டு போடும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைக்கவும் மக்கள் நல்வாழ்வுத் துறை ஆவன செய்ய வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.